நெற்றி ஓரம் காட்டிக்கொடுக்காத விக்: முதன்முதலாக வாங்குபவர்களுக்கு

ஒருவர் விக் போட்டிருப்பதை எதிரே நிற்பவர் முடியின் நீளத்தையோ நிறத்தையோ வைத்துக் கண்டுபிடிப்பதில்லை. நெற்றியில் தோல் முடிந்து முடி தொடங்குகிற அந்த அரை அங்குலத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார். அங்கே ஒரு கோடு தெரிந்தாலும், நிழல் விழுந்தாலும், துணி லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றாலும், "டோப்பா" என்று மனசுக்குப் பட்டுவிடும். ஏன் அப்படிப் பட்டது என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

புதிதாக வாங்குகிறவர்கள் பெரும்பாலும் நீளம், சுருள், நிறம் என்ற வரிசையில் பார்க்கிறார்கள். விளிம்பு கடைசியில்தான் கண்ணில் படுகிறது, அதுவும் வீட்டுக்கு வந்த பிறகு. அந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முடியை எப்படி வாரப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அது தெரிந்தால் முகத்தைச் சுற்றி எந்தெந்த இடம் வெளியே தெரியப் போகிறது என்பது தெரியும். அதிலிருந்து எந்த மாதிரி கேப், அதாவது முடியைத் தைத்திருக்கும் அடித்தொப்பி, வேண்டும் என்பது தெரியும். மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

## கண்ணாடி முன் கொஞ்ச நேரம்

விக்கைப் பார்ப்பதற்கு முன் உங்கள் நெற்றியைப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் நின்று, முடியைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கே கோடு என்று ஒன்றே இல்லை என்பது தெரியும். முதலில் பூனைமுடி: குட்டையாக, மெல்லியதாக, அடியில் உள்ள தோல் அப்படியே தெரியும்படி இருக்கும். அதற்குப் பின்னால் ஒற்றை ஒற்றையாக நிற்கும் முடிகள். சில முன்னே, சில பின்னே, ஓர் ஒழுங்கும் இல்லாமல். ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உள்ளே போன பிறகுதான் முடி நெருங்கித் தோலை மறைக்கிறது. கண்ணுக்குப் பக்கவாட்டில், நெற்றிப்பொட்டு இருக்கும் இடத்தில் ஓரம் உள்வாங்கும், பிறகு முன்னே வந்து காதுக்கு முன்னால் கிருதாவாக இறங்கும். இடதும் வலதும் ஒன்றுபோல் இருக்காது. முன்வரிசை முடிகள் நேராக நிமிர்ந்து முளைப்பதும் இல்லை; முகத்தை நோக்கிச் சாய்ந்துதான் முளைக்கின்றன.

முடி மாற்று அறுவை செய்யும் மருத்துவர்கள் இதனால்தான் முன்வரிசைகளில் ஒற்றை முடி உள்ள வேர்க்கால்களை மட்டும் வைத்து, இரண்டு மூன்று முடி சேர்ந்த வேர்க்கால்களைப் பின்னால் நடுகிறார்கள். நல்ல விக் செய்பவரின் கணக்கும் அதேதான். ஆகவே எந்த விக்கைக் கையில் எடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது, முன் ஓரத்திலிருந்து உள்ளே போகப் போக முடி படிப்படியாக அடர்கிறதா, அல்லது முதல் வரிசையிலேயே சுவர் எழுப்பியது போல நெருங்கி நிற்கிறதா என்பதைத்தான்.

முடி முழுவதும் கொட்டியவர்களுக்குப் பார்க்க ஓரமே இருக்காது. அவர்கள் இரண்டு வழிகளில் இடம் கண்டுபிடிக்கலாம். ஒன்று, புருவத்தை நன்றாக உயர்த்துங்கள். நெற்றியில் விழும் மடிப்புகளில் எல்லாவற்றுக்கும் மேலே உள்ளதைக் கவனியுங்கள். முடி அதற்குச் சற்று மேலேதான் தொடங்கியிருக்கும். இன்னொன்று, முகத்தை மூன்று பங்காகப் பார்ப்பது. முகவாயிலிருந்து மூக்கின் அடி வரை ஒரு பங்கு, மூக்கின் அடியிலிருந்து புருவம் வரை ஒரு பங்கு, புருவத்திலிருந்து முடி தொடங்கும் இடம் வரை ஒரு பங்கு. மூன்றும் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்கும். புருவமும் போயிருந்தால் புருவ எலும்பைத் தொட்டுப் பார்த்து அளக்கலாம். பழைய புகைப்படம் இருந்தால் இன்னும் நல்லது. முடியை இழுத்துக் கட்டிய படமாகத் தேடி எடுங்கள்.

புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் முடி கொட்டுவதற்கு முன்பே விக் பார்ப்பது நல்லது. முடியைக் கொட்டவைக்கும் மருந்தாக இருந்தால் பெரும்பாலும் சிகிச்சை தொடங்கிய இரண்டு, மூன்று வாரங்களில் உதிர ஆரம்பித்துவிடும். அதற்குள் நெற்றி ஓரத்தை முன்பக்கமும் இரு பக்கவாட்டிலும் படம் எடுத்து வையுங்கள். நிறம் பார்க்க முடியில் ஒரு சிறு கற்றையும் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

வயதையும் கணக்கில் எடுங்கள். அறுபது வயது முகத்துக்குப் பதினெட்டு வயது நெற்றி ஓரத்தை வைத்தால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் ஒட்டாது. வயது ஏற ஏற ஓரம் சற்று மேலே போகிறது, நெற்றிப்பொட்டுப் பக்கம் முடி மெலிகிறது. அதே மெலிவு விக்கிலும் இருந்தால்தான் முகத்தோடு சேரும்.

## வாரும் விதம்தான் கேப்பைத் தீர்மானிக்கும்

நெற்றியில் முடி விழும்படி ஃப்ரிஞ்ச் வைத்துக்கொள்வதில் ஆட்சேபணை இல்லை என்றால், இந்தக் கட்டுரையில் பாதி உங்களுக்குத் தேவையே இல்லை. முன் ஓரம் மறைந்துவிடுகிறது. லேஸே (முடியைக் கோத்திருக்கும் நுண்ணிய வலை) இல்லாத, மெஷினில் தைத்த சாதாரண கேப் போதும். விலையும் குறைவு, காற்றோட்டமும் உண்டு, ஒட்டும் வேலையும் இல்லை. புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம். ஃப்ரிஞ்ச் இருந்தாலும் கிருதாப் பக்கம் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். காற்றடித்தால் முதலில் திறப்பது அந்த இடம்தான்.

வகிடு எடுத்து முடியை முகத்தின் இருபுறமும் தொங்கவிடுவீர்கள் என்றால், வகிடும் நெற்றியின் நடுப்பகுதியும்தான் தெரியும். 4×4 அல்லது 5×5 என்று போட்டிருக்கும் குளோஷர் விக் அதற்குப் போதும். நான்கு அல்லது ஐந்து அங்குலச் சதுர லேஸ் நடுவில் இருக்கும். நெற்றிப்பொட்டில் லேஸ் கிடையாது. ஒரு பக்க முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினால் தையல் தெரிந்துவிடும். அப்படி ஒதுக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதை வாங்கக் கூடாது.

முடியை முகத்திலிருந்து விலக்கி வாருபவர்கள், ஒதுக்கி கிளிப் போடுபவர்கள், வகிட்டை அடிக்கடி மாற்றுபவர்கள் லேஸ் ஃப்ரண்ட் பக்கம் வர வேண்டும். காதிலிருந்து காது வரை முன் ஓரம் முழுக்க லேஸ். இதில் 13×4, 13×6 என்று எண்கள் வரும். முதல் எண் நெற்றியைச் சுற்றி லேஸ் ஓடும் அகலம், இரண்டாவது எண் பின்னோக்கிப் போகும் ஆழம், இரண்டும் அங்குலத்தில். ஆழம் கூடினால் வகிட்டை நீளமாக எடுக்கலாம். நெற்றி ஓரத்தின் தரத்துக்கும் அந்த இரண்டாவது எண்ணுக்கும் சம்பந்தம் இல்லை. அதை நம்பி அதிகக் காசு கொடுக்க வேண்டாம்.

எண்ணில் ஒரு பொறி உண்டு. 13×4×1 என்று மூன்றாவதாக ஓர் எண் இருந்தால் அது டி-பார்ட் லேஸ். முன் ஓரத்தில் ஒரு மெல்லிய பட்டை, நடு வகிட்டில் ஓர் அங்குலப் பட்டை, அவ்வளவுதான் லேஸ். வகிட்டை நகர்த்த முடியாது. தெரிந்து வாங்கினால் தவறில்லை. விலை குறைகிறதே என்று 13×4 என நினைத்து வாங்கி ஏமாறுகிறவர்கள்தான் நிறைய.

குதிரைவால், உயரக் கொண்டை போடுகிறவர்களுக்குப் பிடரி ஓரமும் தெரியும். தலையைச் சுற்றி லேஸ் ஓடும் 360 விக்கோ, கேப் முழுவதும் லேஸாக இருக்கும் ஃபுல் லேஸோதான் அதற்குச் சரிவரும். அன்றாடம் போட முதன்முதலாக வாங்கும் விக்காக இவற்றை நான் சொல்லமாட்டேன். பிடரி ஓரம் நிற்பதற்குப் பசை வேண்டியிருக்கும், வியர்க்கும் இடம் வேறு.

மோனோ டாப் என்று எழுதியிருப்பதைப் பார்த்து முன் ஓரமும் இயல்பாக இருக்கும் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். மோனோ என்பது உச்சியிலும் வகிட்டிலும் தோல் போலத் தெரிவதற்கான மெல்லிய துணி. லேஸ் ஃப்ரண்ட் இல்லாத மோனோ டாப்பில் நெற்றி ஓரம் சாதாரணத் தையல் விளிம்புதான். இரண்டும் தனித்தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

## லேஸையும் முடிச்சையும் கையில் வைத்துப் பார்ப்பது

லேஸ் என்பது நைலானிலோ பாலியெஸ்டரிலோ நெய்த நுண்ணிய வலை. அதன் கண்ணிகளில் சிறு கொக்கி ஊசியால் முடியைக் கோத்து முடிச்சுப் போடுகிறார்கள். ஃபிரெஞ்ச் லேஸ் சற்றுத் தடிமன், நாள்பட உழைக்கும். ஸ்விஸ் லேஸ் அதைவிட மெல்லியது. எச்டி லேஸ் எல்லாவற்றிலும் மெல்லியது; தோலில் படிந்தால் கண்ணுக்கே தெரியாது, நகம் பட்டாலும் கிழியும். தினமும் போட்டுக் கழற்றுபவருக்கு, அதுவும் பழகும் கட்டத்தில், ஸ்விஸ் லேஸ்தான் என் தேர்வு. முகத்துக்கு அருகே கேமரா வரும் வேலையில் இருப்பவர்களுக்கு எச்டி பொருந்தும்.

விக் கையில் கிடைத்ததும் முன் ஓர லேஸைப் புறங்கையில் விரித்து வையுங்கள். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரட்டும். லேஸ் தோலில் மறைகிறதா, கட்டம் கட்டமாகத் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு முடியின் அடியைக் கவனியுங்கள். கறுப்புப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் அவைதான் முடிச்சுகள். கறுப்பு, அடர்பழுப்பு முடியில் இவை பளிச்சென்று தெரியும், வெளிர்நிற முடியிலும் நரையிலும் அவ்வளவாகத் தெரியாது. ஓரத்தில் ஒற்றை முடிச்சும், பின்னால் போகப் போக உறுதியான இரட்டை முடிச்சும் போட்டிருந்தால் கவனமாகச் செய்த விக் என்று கொள்ளலாம்.

அசல் முடி விக்குகளில் இந்த முடிச்சுகளை வெளுக்கச் செய்து விற்பார்கள், 'பிளீச் செய்த முடிச்சு' என்று குறிப்பிட்டிருக்கும். புள்ளிகள் மங்கி, முடி தோலிலிருந்தே முளைப்பது போல் இருக்கும். ஆனால் வெளுத்த முடிச்சு பலம் குறைந்த முடிச்சு, உதிர்வு சற்று அதிகமாகவே இருக்கும். வீட்டில் பிளீச் செய்து பார்க்கும் ஆசை வரும். முதல் விக்கில் வேண்டாம். கலவை லேஸைத் தாண்டி மேலே ஏறினால் முடியின் அடிப்பாகம் செம்பட்டையாகிவிடும், நேரம் கூடினால் முடிச்சே போய்விடும். செயற்கை இழை பிளீச்சுக்கு வெளுக்கவே வெளுக்காது. அதில் புள்ளி தெரிந்தால் லேஸின் உட்புறம் கொஞ்சம் கன்சீலரையோ தோல் நிறப் பவுடரையோ தடவுவதுதான் வழி.

அடர்த்தியைச் சதவீதத்தில் போடுவார்கள்: 130, 150, 180 என்று. எல்லாத் தயாரிப்பாளர்களுக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. தோராயமாக 130 என்பது இயற்கைக்கு நெருங்கியது, 150 சற்று நிறைந்தது, 180-உம் அதற்கு மேலும் மேடைக்கும் படப்பிடிப்புக்கும் ஏற்றது. ஆனால் அந்த எண் மொத்தத் தலைக்கானது. நீங்கள் பார்க்க வேண்டியது ஓரத்தில் எவ்வளவு என்பதை. 'பிரீ-பிளக்ட்' என்றால் ஓரத்து முடியை முன்கூட்டியே மெலித்திருக்கிறார்கள் என்று பொருள். அப்படி இருந்தும் ஓரம் நெருக்கமாக வந்து சேர்வது சகஜம். நீங்களே ட்வீசரால் மெலிப்பதானால், விக்கைத் தலையில் வைத்துப் பார்த்து இடம் குறித்துக்கொண்டு, பிறகு கழற்றி ஒரு தலை மாதிரியில் பொருத்திச் செய்யுங்கள். முதல் வரிசையைத் தொடாதீர்கள். அதற்கு அடுத்த வரிசைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுங்கள். ஒரே இடத்தில் நின்றால் சொட்டை விழும். எடுத்த முடியைத் திரும்ப வைக்க முடியாது என்பதால் ஒரே நாளில் முடிக்க நினைக்காமல், கொஞ்சம் எடுத்துவிட்டு இரண்டு நாள் போட்டுப் பாருங்கள்.

ஓரத்தில் பூனைமுடி போலச் சில குட்டை முடிகளை வைத்து விற்பதும் உண்டு. அளவாக இருந்தால் நல்லது. நெற்றியில் வளைத்து வளைத்துப் படியவைக்கும் பாணி தனி அலங்காரம். அதை இயல்பு என்று எண்ணி எல்லோரும் செய்ய வேண்டியதில்லை. செயற்கை இழையில் குட்டை முடி வைத்தால் விறைத்து நிற்கும், இழையின் பளபளப்பும் அங்கேதான் அதிகமாகத் தெரியும். சாதாரணச் செயற்கை இழைக்குச் சூடு காட்டினால் உருகிவிடும் என்பதால் அதைப் படியவைக்கவும் வழியில்லை. செயற்கை விக் எடுப்பவர்கள் குட்டை முடி இல்லாத ஓரத்தையே தேடுங்கள்.

## நிறம் இரண்டு இடத்தில் பொருந்த வேண்டும்

லேஸின் நிறம் ஒன்று, முடியின் நிறம் இன்னொன்று. டிரான்ஸ்பரன்ட் லேஸ் எல்லாத் தோலுக்கும் பொருந்தும் என்று விற்பார்கள். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அது சாம்பல் பூத்தாற்போல் தெரியும். பழுப்பிலேயே வெளிர், நடுத்தரம், அடர் என்று லேஸ் கிடைக்கிறது. ஒப்பிடுவது கன்னத்தோடு அல்ல, நெற்றியோடு. பலருக்கு நெற்றி கன்னத்தைவிடக் கறுத்திருக்கும், தலைத்தோல் இரண்டையும்விட வெளுத்திருக்கும். ஆகவே வகிட்டில் லேஸ் ஒரு படி வெளிராக இருந்தாலும் பரவாயில்லை, ஓரத்தில்தான் நெற்றி நிறத்துக்கு வர வேண்டும். நிறம் சரியாகக் கிடைக்காவிட்டால் வெளிர் லேஸை எடுங்கள். அதைப் பவுடராலோ லேஸ் ஸ்பிரேயாலோ அடர்த்தியாக்கலாம், அடர் லேஸை வெளிராக்குவது கஷ்டம். பவுடரை லேஸின் அடிப்பக்கம், தோலில் படும் பக்கத்தில் பூசுங்கள். மேலே பூசினால் முடியின் அடியில் ஒட்டி மாவு தெரியும்.

முடியில் கன்னங்கரேல் என்று 1 எண் கறுப்பை எடுக்காதீர்கள். கறுப்பு முடி உள்ளவர்களின் முடிகூட வெயிலில் அடர்பழுப்பாகத்தான் மின்னும். 1பி என்று குறிக்கும் மங்கிய கறுப்பு நெற்றி ஓரத்தில் எவ்வளவோ மென்மை. வெளிர் நிறம் வேண்டுமென்றால் அடி கறுத்து நுனி வெளுத்த 'ரூட்டட்' நிறம் எடுங்கள். வகிட்டில் அது இயல்பாகத் தெரியும். ஆனால் அந்த அடர் அடி நெற்றி ஓரம் வரை வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஓரத்தில் அடர் நிறமும் அடர் முடிச்சும் சேர்ந்தால் கோடு போட்டது போல் ஆகிவிடும்.

## அளவு

லேஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கேப் அளவு தவறினால் ஓரம் நிற்காது. சிறியதாக இருந்தால் விக் மெல்ல மேலேறி, மதியத்துக்குள் நெற்றி பெரிதாகிவிடும். பெரியதாக இருந்தால் நெற்றிப்பொட்டில் குமிழ் போலத் தூக்கும், ஒட்டினாலும் அடங்காது.

சொந்த முடி இருந்தால் படிய வாரி, போடும்போது எப்படிக் கட்டுவீர்களோ அப்படியே கட்டிக்கொண்டு இஞ்ச் டேப்பால் மூன்று அளவு எடுங்கள். தலைச்சுற்றளவு: நெற்றியில் முடி தொடங்கும் இடத்திலிருந்து காதுக்கு மேலாகப் பிடரி சுற்றித் திரும்பவும் நெற்றிக்கு. இது 22 அங்குலத்தை ஒட்டி இருந்தால் நடுத்தர அளவு கேப் சேரும். அடுத்து நெற்றி ஓரத்திலிருந்து உச்சி வழியாகப் பிடரி வரை. மூன்றாவதுதான் பலர் விட்டுவிடுவது: ஒரு காதுக்கு முன்னாலிருந்து நெற்றி ஓரத்தை ஒட்டியே மறு காதுக்கு முன்வரை. முகத்தைச் சுற்றிய விளிம்பு பொருந்துமா என்பதை இந்த அளவுதான் சொல்லும். முடி கொட்டப்போகிறவர்கள் பின்பக்கம் இறுக்கித் தளர்த்தும் பட்டை உள்ள கேப்பாக எடுங்கள். முடி போன பிறகு சுற்றளவு சற்றுக் குறையும்.

காதுக்கு முன்னால் இரண்டு சிறு நாக்குகள் இருக்கும். உள்ளே வளையக்கூடிய கம்பி வைத்துத் தைத்திருப்பார்கள். விக் போட்டதும் இரண்டும் ஒரே உயரத்தில், காதுக்கு முன்னே இருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். பிறகு கம்பியை உள்பக்கமாக மெல்ல வளைத்து நெற்றிப்பொட்டோடு படியவையுங்கள். ஒரு பைசா செலவில்லாமல் விக்கின் தோற்றத்தை மாற்றும் காரியம் இது. கம்பி இருப்பதே பலருக்குத் தெரியாது.

## படத்தைப் பார்த்து வாங்கும்போது

விற்பனைப் படங்களில் முடியை முன்னுக்குத் தள்ளி ஓரத்தை மறைத்திருப்பார்கள். முடியைப் பின்னால் ஒதுக்கிய படமும், நகரும் வீடியோவும் இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரு கை முடியை ஒதுக்கிக் காட்டும் வீடியோ, பத்துப் படங்களைவிட மேல். லேஸ் வெட்டாத நிலையில் உள்ளே எப்படி இருக்கிறது என்ற படமும் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் அடுத்ததைப் பாருங்கள்.

## வெட்டும் முன் போட்டுப் பாருங்கள்

பெரும்பாலான லேஸ் விக்குகள் முன் ஓரத்துக்கு வெளியே உபரி லேஸ் தொங்க வரும். அதை வெட்டிவிட்டால் திருப்பித் தர முடியாது. அதனால் வெட்டாமலே போட்டு நிறம், அளவு, ஓரத்தின் உயரம் மூன்றையும் பகலில் பாருங்கள். கண்ணாடியில் மூக்கு இடிக்க நின்று பார்த்தால் எந்த விக்கும் குறையாகத்தான் தெரியும். உங்களிடம் பேசுபவர் நிற்கும் தூரம், சுமார் ஒரு மீட்டர், அங்கிருந்து யாரையாவது செல்போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். ஃபிளாஷ் போட்டு ஒன்று, போடாமல் ஒன்று. ஃபிளாஷில் லேஸ் மின்னினால் பவுடர் கேட்கிறது என்று பொருள்.

இடம் பார்க்கும்போது எல்லோரும் செய்யும் பிசகு, விக்கை நெற்றியில் மிகவும் இறக்கிப் போடுவது. கழன்றுவிடும் என்ற பயத்தில் கை தானாக முன்னே இழுக்கும். ஓரம் உங்கள் பழைய ஓரத்திலேயே, வேண்டுமானால் இம்மி அளவு முன்னே இருக்கட்டும். சொந்த முடி இருப்பவர்கள் அதை மறைக்க அந்த இம்மியைச் செலவழிக்கலாம்.

வெட்ட முடிவு செய்ததும் விக்கைத் தலையில் நன்றாக நிறுத்தி, லேஸை இரண்டு மூன்று இடத்தில் மேலிருந்து கீழாகக் கீறி, துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டாக வெட்டுங்கள். சிறு கத்தரிக்கோலோ புருவ ரேசரோ போதும். ஒரே இழுப்பில் நேராக வெட்டக் கூடாது. சின்னச் சின்னக் கடிகளாக, மேலும் கீழுமாக வெட்டினால் விளிம்பு தோலில் கரையும். ஒட்டப் போகிறவர்கள் முடிக்கு முன்னால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் லேஸை விடுங்கள். ஒட்டாமல் போடுபவர்கள் இன்னும் நெருங்கலாம், முடிச்சைத் தொடாத வரை. முடிச்சை ஒட்டி வெட்டினால் முதல் வரிசை முடி சீக்கிரமே உதிரும். மென்மைக்காக வைத்த வரிசையே அதுதான்.

## ஒட்டுவதா வேண்டாமா

தொடங்கும்போது ஒட்டாமல் போடுங்கள். கேப்பின் உள்ளே காதுக்குக் காது ஓடும் எலாஸ்டிக் பட்டை லேஸைத் தோலோடு அழுத்திப் பிடிக்கும். கேப்புக்கு அடியில் வெல்வெட் பட்டை கட்டினால் வழுக்காது. இவற்றோடு சரியான அளவும் சேர்ந்தால் அன்றாட வேலைக்குப் பசையே தேவைப்படாது. உள்ளே தைத்த சீப்புகள் சொந்த முடி உள்ளவர்களுக்கு மட்டும். முடி இல்லாத தலையில் அவை குத்தும், வெட்டி எடுத்துவிடலாம்.

காற்று, ஆட்டம், நெற்றியை முழுவதும் திறந்த வாரல் என்றால் ஒட்ட வேண்டியிருக்கும். நீரில் கரையும் பசையும், விக்குக்கான இருபக்க டேப்பும் புதியவர்களுக்கு ஏற்றவை. கரைப்பான் சேர்ந்த பசை அதிக நாள் பிடிக்கும், எடுப்பதும் அதே அளவு பாடு. எதுவானாலும் முதலில் காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ ஒரு சொட்டு வைத்து 24 முதல் 48 மணி நேரம் பாருங்கள். அரித்தாலோ சிவந்தாலோ அது நெற்றிக்கு வேண்டாம். கீமோ, கதிர்வீச்சு எடுப்பவர்களும் தலைத்தோலில் புண்ணோ நோயோ உள்ளவர்களும் பசையைத் தொடுவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒட்டும் முன் நெற்றியில் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது. பசையைச் சொந்த முடியின் மேல் அல்ல, அதற்கு முன்னால் உள்ள தோலில் மெல்லிய படலமாகப் பூசி, பிசுபிசுப்பு நிலைக்கு வரும் வரை காய விடுங்கள். ஈரமாக இருக்கும்போதே லேஸை வைத்தால் பசை கண்ணிகள் வழியே மேலே வந்து வெள்ளையாகப் பூக்கும். லேஸை வைத்ததும் விரலால் தேய்க்காமல், சீப்பின் முதுகால் அழுத்துங்கள். பிறகு ஒரு துணிப் பட்டையைப் பத்து நிமிடம் கட்டி வைத்தால் விளிம்பு படிந்துவிடும்.

கழற்றும்போது இழுக்கவே கூடாது. அதற்குரிய ரிமூவரை ஓரத்தில் விட்டு, தானாக விடும் வரை பொறுத்திருங்கள். இறுக்கமான கேப், சீப்பு, பசை இவை எல்லாம் சேர்ந்து உங்கள் சொந்த நெற்றி முடியை நாள்தோறும் இழுத்தால் அந்த முடியே மெலியத் தொடங்கும். தொடக்கத்திலேயே நிறுத்தினால் திரும்ப வளரும். ஆண்டுக்கணக்கில் இழுபட்டால் வேர்க்கால் தழும்பாகி, முடி நிரந்தரமாகப் போய்விடும். இரவில் கழற்றிவிடுங்கள். ஓரத்தில் வலி, சிறு கொப்புளம், முடி முறிதல் தெரிந்தால் சில நாள் விக்குக்கு ஓய்வு கொடுங்கள்.

## ஆண்களுக்கு ஒரு வார்த்தை

முன்பக்கம் மட்டும் முடி இழந்தவர்கள் முழு விக்குக்குப் பதிலாகப் பாதித் தலைத் துண்டு போடுகிறார்கள். லேஸ் முன்பக்கத்தோடு, பாலியூரித்தேனில் செய்த 'தின் ஸ்கின்' அடித்தளமும் இதில் கிடைக்கிறது. 0.03 முதல் 0.08 மில்லிமீட்டர் வரை தடிமன். முடியை முடிச்சில்லாமல் வளைவாக உள்ளே செலுத்திச் செய்வதால் முன் ஓரத்தில் புள்ளி தெரியாது. மெல்லியது சீக்கிரம் கிழியும். பெண்களின் ஓரம் வட்டமாகப் போனாலும் பொருந்தும். ஆண்களுக்கு நெற்றிப்பொட்டு மூலைகள் உள்வாங்கியே இருக்க வேண்டும். இளமை வேண்டுமென்று அந்த மூலைகளை நிரப்பச் சொல்லுபவர்கள்தான் முதலில் மாட்டிக்கொள்வது. பக்கவாட்டில் உங்கள் முடியோடு சேரும் இடத்தை முடிதிருத்துபவர் விக்கைத் தலையில் வைத்தே வெட்டிச் சேர்க்க வேண்டும்.

## விளிம்பு தேயும்போது

நெற்றி ஓரம்தான் விக்கில் முதலில் தேயும் இடம். கை படுவது, வியர்வை, மேக்கப், ரிமூவர் எல்லாம் அங்கேதான். லேஸில் பசை மிச்சம் இருந்தால் ரிமூவரில் நனைத்த மென்மையான பல் துலக்கும் பிரஷால், துண்டின் மேல் வைத்து ஒரே திசையில் துடைத்தெடுங்கள். கண்டிஷனரை முடிச்சுகள் மேல் படவிடாதீர்கள். முடிச்சு வழுக்கி முடி கழன்று வரும், காதுக்குக் கீழே உள்ள நீளத்துக்கு மட்டும் போடுங்கள். லேஸ் நுனி சுருண்டால் சுருண்ட பகுதியை மட்டும் அரை மில்லிமீட்டர் கத்தரிக்கலாம். முதல் வரிசை முடி கொட்டி ஓரம் வெறுமையானால் தேர்ந்தவரிடம் கொடுத்துப் புதிதாக முடிச்சுப் போடச் சொல்லலாம். அதற்குச் செலவு கட்டுப்படியாகாத செயற்கை விக் என்றால் முன்முடியை ஃப்ரிஞ்சாக வெட்டி ஓரத்தை மறைத்து இன்னும் சில மாதம் ஓட்டலாம். வெட்டும்போது விக் தலையில் இருக்கட்டும், புருவத்துக்குக் கீழே ஒரு விரல் நீளம் விட்டே தொடங்குங்கள்.